மஜ்காவ் குன்றின் துப்பட்டிகள்

மஜ்காவ் குன்றின் சரித்திரத்தை யாரைக் கேட்டாலும் நாலு வரியில் சொல்லிவிடுவார்கள். முதலில் அங்கே ஒரு கோட்டை இருந்தது. கடலில் வருகிறவன் வேண்டியவனா வேண்டாதவனா என்று பார்ப்பதற்காக வெள்ளைக்காரன் கட்டியது. ஒரு சண்டையில் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு நகரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று உச்சியில் பெரிய தொட்டி கட்டி, அதை மூடி, மூடியின் மேல் மண் போட்டுப் புல் வளர்த்துத் தோட்டம் ஆக்கினார்கள். அவ்வளவுதான் சரித்திரம். செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் ரயிலேறிப் போய் அந்தத் தோட்டத்துக் கம்பிவேலியில் படுக்கைத் துப்பட்டி காயப்போட்ட தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்களைப் பற்றி எவனும் ஒரு வரி எழுதவில்லை. எழுதாவிட்டால் போகட்டும். நான் எழுதுகிறேன். அந்தக் கம்பியில் முடிச்சுப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் அப்பா கப்பலில் சுக்கானி. சுக்கான் பிடிக்கிற வேலை. கேப்டன் ஒரு எண்ணைச் சொன்னால் கப்பலின் மூக்கை அந்த எண்ணுக்குத் திருப்பி நிறுத்த வேண்டும். எண்கள் அவருக்கு அத்துப்படி. எழுத்து அப்படியில்லை, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஏறினால் பத்து மாதம், பன்னிரண்டு மாதம். இறங்கினால் வீட்டில் மூன்று மாதம். செம்பூரில் எங்கள் வரிசையில் இருந்த பதினாறு வீடுகளில் ஐந்து வீடு கப்பல்காரர் வீடு. ஐந்து வீட்டிலும் பெண்களின் குரல்தான் ஓங்கியிருக்கும், ஆண்கள் விருந்தாளிகள்.

கப்பல் பம்பாய்க்கு வந்துவிட்டால் மனிதன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வருஷங்களில் அமெரிக்கக் கோதுமை ஏற்றிய கப்பல்கள் துறைமுகத்தை அடைத்துக்கொண்டு நின்றன. மற்ற கப்பல்கள் உள்ளே வர இடம் கிடைக்காமல் நடுத் தண்ணீரில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். அதைத்தான் ஸ்ட்ரீமில் நிற்கிறது என்பார்கள். ஒரு வாரம் நிற்கும், மூன்று வாரமும் நிற்கும். கப்பல் கரையில் கட்டி, ஆபீசர் முன்னால் கையெழுத்துப் போட்டு சைன் ஆஃப் ஆகிற வரைக்கும் இறங்க முடியாது. வருஷம் முழுக்கக் காத்திருந்த பெண்களுக்கு அந்தக் கடைசி வாரம்தான் பைத்தியம் பிடிக்க வைக்கும். புருஷன் கூப்பிடு தூரத்தில் இருக்கிறான், ஆனால் அமெரிக்காவில் இருப்பதும் ஒன்று, அங்கே இருப்பதும் ஒன்று.

அதற்குத்தான் குன்று. டாக்யார்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே படிகள். மேலே ஏறிக் கிழக்கே பார்த்தால் கிரேன்கள், கிடங்குகள், அதற்கப்பால் சேற்று நிறத்தில் தண்ணீர், அதில் வரிசையாகக் கப்பல்கள். புகைபோக்கியின் நிறத்தை வைத்து இன்ன கம்பெனிக் கப்பல் என்று என் அம்மா சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடமே போகாதவள். நாம் கப்பலைப் பார்ப்பதை விடக் கப்பலில் இருப்பவன் குன்றைப் பார்ப்பது சுலபம், ஏனென்றால் அவனிடம் தூரக்கண்ணாடி இருக்கிறது. நங்கூரம் போட்ட கப்பலிலும் ஒருவன் மேல்தட்டில் காவல் நிற்க வேண்டும், அந்த முறை சுக்கானிக்கும் வரும்.

ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். எங்களுக்கு மஞ்சள். அடுத்த வீட்டுக்காரிக்குப் பச்சை. தாராவியிலிருந்து வருகிற இரண்டு அக்காள் தங்கைகளுக்கு நாவல்பழ நிறம், ஒரே கப்பலில் இரண்டு புருஷன்மார் என்பதால் ஒரு துப்பட்டி போதும் என்று சிக்கனமாக முடித்துக்கொண்டார்கள். கப்பல் ஸ்ட்ரீமுக்கு வந்துவிட்டது என்று டாக்யார்ட் பக்கம் தங்கியிருக்கும் எங்கள் ஊர் ஆட்கள் சொல்லியனுப்புவார்கள். மறுநாள் அவரவர் துப்பட்டியைக் கம்பியில் விரித்துக் கட்டுவோம். அதற்கு அர்த்தம், வீட்டில் எல்லோரும் சுகம், நிதானமாக வா. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துப்பட்டி சேர்ந்து ஏறினால் வீட்டில் சாவு, அடக்கம் இன்னும் ஆகவில்லை. கேப்டன் காலில் விழுந்தாவது இறங்கி வா.

செடிக்குத் தண்ணீர் விடும் மாலிக்கு இது ஒன்றும் தெரியாது. இந்த மதராஸிப் பெண்கள் துணி உலர்த்துவதற்காக ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வருகிறார்களே, இவர்கள் பேட்டையில் வெயிலே அடிக்காதா என்று வாட்ச்மேனிடம் கேட்பானாம். நாங்களும் சொல்லவில்லை. கொண்டுபோகும் முறுக்கில் அவனுக்கு நாலு கொடுத்தால் துப்பட்டி நாலைந்து நாள் தொங்கினாலும் கண்டுகொள்ள மாட்டான். நாங்கள் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுவோம். எங்களுக்குக் கீழே நகரத்தின் தண்ணீர் கிடக்கிறது என்று சொல்லி என் தம்பி அடிக்கடி புல்லில் காதை வைத்துக் கேட்பான். ஒன்றும் கேட்காது.

குன்றைப் போலவே இன்னொரு சட்டமும் எங்களுக்குள் இருந்தது. கப்பலில் இருக்கிறவனுக்குக் கெட்ட செய்தி எழுதுவதில்லை. நடுக்கடலில் அவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? வரவும் முடியாது, அழுது தீர்க்கவும் முடியாது. தாய் செத்தாலும் கடிதத்தில் தாய் சுகம்தான். அவன் வந்து இறங்கி, குளித்து, ஒரு வாய் சோறு சாப்பிட்ட பிறகுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டுக் கடிதங்களை எழுதுகிறவள் நான். அப்போது எனக்குப் பதினைந்து வயது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி ஒரு பக்கம் முழுக்க நலத்தையே எழுதுவேன். எனக்கே சில நேரம் எரிச்சலாக வரும்.

அந்த வருஷம் அப்பா கப்பலில் இருந்தபோது அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

அக்கா செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை அடைக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே மெஷின் பழுது பார்க்கிறவர் ஒரு சிந்திக்காரர். அவருடைய குடும்பம் கராச்சியிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து உல்லாஸ்நகரில் ஒரு அறையில் குடியேறியது. எப்படி ஆரம்பித்தது, எத்தனை நாள் நடந்தது என்பதெல்லாம் எனக்குக் கடைசியில்தான் தெரியும். ஒரே அறையில் பக்கத்தில் படுத்திருந்த எனக்கே தெரியவில்லை என்பதில் அக்கா மேல் எனக்கு இன்றும் ஒரு கோபம் உண்டு. அம்மாவிடம் அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. அவரைத்தான் கட்டிக்கொள்வேன், நீங்கள் வந்து நின்றால் சந்தோஷம், வராவிட்டாலும் நடக்கும் என்றாள். அம்மா இரண்டு நாள் கத்தினாள். மூன்றாம் நாள் ரிஜிஸ்தர் ஆபீசில் போய் நின்றாள். போகாமல் இருந்தால் மகளே இல்லாமல் போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நாங்கள் கிறிஸ்தவர்கள், அவர்கள் இந்துக்கள்; மதம் வேறு, பாஷை வேறு என்பது பாதிதான் தொல்லை. மீதிப் பாதி என்னவென்றால், அக்காவை அப்பா தன் தங்கை மகனுக்கு என்று எப்போதோ வாய்ப்பேச்சில் முடித்து வைத்திருந்தார். அந்த அத்தை மகன் அப்பாவின் கப்பலிலேயே கலாசி, மேல்தட்டில் கயிறு இழுக்கிற வேலை. அப்பா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் என்று சொன்னேன் அல்லவா, எங்கள் கடிதங்களை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறவனே அவன்தான். எழுதுவது எப்படி? அக்கா நலமாக இருக்கிறாள், உங்களையும் அத்தானையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள் என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள், எங்கள் வீட்டில் கல்யாணத்தைப் பண்ணிவிட்டு ஆயிரம் பொய் சொன்னோம்.

எங்களுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்காரரும் கப்பல்காரர்தான். அவர் மகள் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மராத்திப் பையனோடு போய்விட்டாள். அவர் இறங்கி வந்து, கேட்டு, ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றித் தலைமுழுகிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் பேரை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. அவள் பிள்ளை பெற்றபோது தாய் போய்ப் பார்க்கவில்லை. போகவிடவில்லை. அப்பாவும் அவரும் சிநேகிதர்கள். இறங்கி வந்ததும் அப்பா யாரிடம் யோசனை கேட்பார் என்று எங்களுக்குத் தெரியும். அக்கா அப்போது மூன்று மாதக் கர்ப்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் உல்லாஸ்நகரிலிருந்து வந்து, அப்பா வந்தால் என்ன சொல்வார் என்று என்னையே கேட்பாள். கல்யாணத்தை அத்தனை திடமாகச் செய்தவள் இதற்கு மட்டும் நடுங்கினாள். எனக்கு அவள் இல்லாமல் அந்த வீடு பிடிக்கவில்லை. அவள் வாசலோடு நிறுத்தப்பட்டால் நானும் கிளம்பிவிடுவது என்று மனதுக்குள் வைத்திருந்தேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு வாரத்தில் செய்தி வந்தது. கப்பல் ஸ்ட்ரீமில் நிற்கிறது.

அன்று இரவு அம்மா தூங்கவில்லை. விடிந்ததும் நான் மஞ்சள் துப்பட்டியை மடித்துப் பையில் வைத்தேன். அம்மா பெட்டியைத் திறந்து வெள்ளையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதயும் வையி."

"யாரும்மா செத்தா?"

"யாரும் சாவல. நீ வையிட்டி."

ரயிலில்தான் சொன்னாள். ஒரு ராத்திரி மனுஷன் தவிக்கட்டும். வெள்ளையைப் பார்த்தால் கேப்டனிடம் கெஞ்சி நாளைக்கே ஓடி வருவார். யாரோ செத்துப் போனார்கள் என்று வருகிறவர், எல்லோரும் உயிரோடு நிற்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அந்த நேரம் பார்த்துக் கல்யாணச் செய்தியைச் சொன்னால் அது ஒரு செய்தியாகவே தெரியாது. அம்மா இதை ரொம்ப நாளாக யோசித்து வைத்திருக்கிறாள் என்று அவள் சொன்ன வேகத்திலேயே தெரிந்தது.

"பாவமில்லையாம்மா?" என்றேன்.

"பாவந்தான். ஒங்கக்கா தெருவுல நிக்கதும் பாவந்தான். எது பெரிசுன்னு நீயே சொல்லு."

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தத் திட்டம் பிடித்திருந்தது. என் அம்மாவின் மூளையை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

குன்றில் அன்று எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. அப்பாவின் கப்பல் தூரத்தில் நின்றது, புகைபோக்கி மட்டும்தான் அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் நிற்கிற கப்பலாக இருந்தால், துப்பட்டியைப் பார்த்துவிட்டேன் என்பதற்கு அப்பா தன் சிவப்புச் சாரத்தை, அந்த லுங்கியை, பின்பக்கக் கம்பியில் காயப்போடுவார், அது ஒரு பொட்டாக நமக்கும் தெரியும். அன்று ஒன்றும் தெரியவில்லை. மஞ்சளை நான் கட்டினேன். வெள்ளையையும் நானே கட்டினேன். அம்மா தொடவில்லை. தாலி கட்டியவள் தன் கையால் வெள்ளையை ஏற்றக்கூடாது என்று அவளுக்கு ஒரு எண்ணம். காற்றில் அது பறந்துவிடாமல் நாலு மூலையிலும் இரட்டை முடிச்சுப் போட்டேன்.

மறுநாள் அப்பா வரவில்லை. அம்மா கோழிக் குழம்பு வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மறுநாளும் வரவில்லை.

பிறகு தெரிந்துகொண்டது இது. அப்பா முதல் நாளே வெள்ளையைப் பார்த்துவிட்டார். கேப்டனிடம் போய் நின்றிருக்கிறார். தந்தி எங்கே, கம்பெனி ஆபீசிலிருந்து சீட்டு எங்கே என்று கேப்டன் கேட்டிருக்கிறார். அப்பா குன்றைக் காட்டியிருக்கிறார். கேப்டனும் தூரக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, படுக்கை விரிப்பைப் பார்த்து நான் ஆளை இறக்கிவிட முடியாது என்று சொல்லிவிட்டார். கேப்டனைக் குற்றம் சொல்ல முடியாது. இத்தனை வருஷத்தில் வெள்ளை ஏறியது இரண்டு தடவைதான், இரண்டு தடவையும் வீட்டிலிருந்து கேப்டனுக்குத் தந்தியும் அடித்திருந்தார்கள். சாவு இல்லாத வீட்டில் தந்தி அடிக்கிறது எப்படி? அம்மாவின் திட்டத்தில் அந்த இடம் மட்டும் ஓட்டை.

மூன்றாம் நாள் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. என்னை இழுத்துக்கொண்டு குன்றுக்குப் போனாள். வெள்ளையை அவிழ்க்கச் சொன்னாள். இரட்டை முடிச்சு பனியில் நனைந்து இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். மஞ்சள் மட்டும் நின்றது. இப்போது பார்த்தால் சுகம் என்று புரிந்துகொள்வார் என்றாள். வெள்ளை ஏறலாம், இறங்கினால் என்ன அர்த்தம் என்று யாரும் எந்தக் காலத்திலும் பேசி வைக்கவில்லை. செத்தவர் திரும்பி வருவது இல்லை அல்லவா? அப்பா அதைப் பார்த்துவிட்டு, அடக்கம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். ஸ்ட்ரீமில் நிற்கும் கப்பல்களுக்கு லாஞ்சுப் படகில் தபால் போகும், எழுதிக் கொடுங்கள் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. அங்கேயே நின்று எழுதினேன். நாங்கள் எல்லோரும் நலம், யாருக்கும் ஒன்றும் இல்லை, அந்த வெள்ளையை நம்பிக் கவலைப்பட வேண்டாம். எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வருஷத்தில் நான் எழுதியதில் அது ஒன்றுதான் உண்மைக் கடிதம்.

கடிதம் போய்ச் சேர்ந்தது. அத்தை மகன் அதை உரக்கப் படித்திருக்கிறான். படித்து முடித்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். கப்பல்காரனுக்கு வருகிற கடிதம் நலம் என்றுதான் சொல்லும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? அதுவும் இப்படி வரிக்கு வரி நலம் என்று சொன்னால், செத்தது சின்ன ஆள் இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு அத்தை மகன் அப்பாவைத் தனியாக மேல்தட்டுக்கு விடவில்லை. சாயங்காலம் எங்கள் ஊர் ஆட்கள் ஆறேழு பேர் கூடி ஜெபமாலை சொன்னார்கள். யாருடைய ஆத்துமாவுக்கு என்று தெரியாமலே சொன்னார்கள்.

ஒன்பதாம் நாள் கப்பல் கரையில் கட்டியது. பிற்பகலில் எங்கள் தெரு முனையில் டாக்சி வந்து நின்றது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த தம்பிதான் முதலில் ஓடினான். அப்பா டாக்சியை விட்டு இறங்காமலேயே அவனை வாரி உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார், டாக்சிக்காரன் பொறுமையிழந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் விடவில்லை. அப்புறம் நடந்து வந்தார். வாசலில் அம்மா. அவளைப் பார்த்ததும் நின்றார், சிலுவை போட்டுக்கொண்டார். நான் உள்ளேயிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் இருந்த கொஞ்சம் வெளிச்சமும் போய்விட்டது. செம்பை வாங்கவில்லை. எனக்குப் பின்னால் இருட்டு அறையைப் பார்த்தார்.

"மூத்தவள என்னைக்கு அடக்கம் பண்ணுனீங்க?" என்றார்.

அம்மா அவர் காலில் விழுந்துவிட்டாள். இத்தனை மாதம் அடுக்கி வைத்திருந்த பேச்செல்லாம் போய், அவள் உயிரோடு இருக்கிறாள், உல்லாஸ்நகரில் இருக்கிறாள், கல்யாணம் ஆகிவிட்டது, சிந்திக்காரர், மூன்று மாதம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அப்பா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"உசுரோடதான இருக்கா?"

இருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். நான் சொன்னேன். தம்பியும் சொன்னான். அப்பா டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கடைசி வீட்டுக்காரர் வந்து தோளில் கை வைத்து, என்ன அநியாயம் நடந்திருக்கிறது பார் என்று ஏதோ ஆரம்பித்தார். அப்பா அந்தக் கையை எடுத்துவிட்டார். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. அதே சட்டையோடு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

உல்லாஸ்நகர் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அக்கா கதவைத் திறந்தாள். அப்பா அவள் தலையைத் தடவினார், காதைத் தொட்டார், கையைப் புரட்டிப் பார்த்தார், சந்தையில் மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல. மாப்பிள்ளை சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்து காலைத் தொட்டார். அப்பாவுக்குச் சிந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. கப்பல் ஹிந்தியில் கராச்சித் துறைமுகத்தைப் பற்றி அப்பா பேச ஆரம்பித்தார். சம்பந்தியம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அங்கே எங்கள் வீடு இன்ன தெருவில் இருந்தது, நீங்கள் பார்த்திருப்பீர்களா என்று கேட்டாள். பார்த்திருக்கிறேன் என்றார் அப்பா. உண்மையிலேயே பார்த்திருந்தார், அந்தத் தெருவில் சர்பத் குடித்திருந்தார். அக்கா சமையல் மேடையில் சாய்ந்து நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அன்று இருந்த சந்தோஷம் பிறகு என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

அத்தை மகன் ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தான், செத்துப்போனாள் என்று நினைத்தவளுக்குக் கல்யாணம் ஆனது நல்லதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லி, அக்காவுக்கு வைத்திருந்த ஜப்பான் சேலையைக் கொடுத்துவிட்டுப் போனான். அம்மா ஜெயித்துவிட்டாள். ஒன்பது நாள் பட்டது மறந்துபோய், அடுத்த வீட்டுக்காரியிடம் தன் திட்டத்தை விஸ்தாரமாகச் சொல்லவும் ஆரம்பித்தாள். அதைக் கேட்ட பெண்கள் பாராட்டவில்லை. வெள்ளையைப் பொய்யாக ஏற்றிவிட்டாளே, இனிமேல் நிஜமாக ஏற்றினால் எவன் நம்புவான் என்று கோபப்பட்டார்கள். அது நியாயமான கோபம். அவர்கள் சொன்னதைச் சோதித்துப் பார்க்கிற வரைக்கும் குன்று எங்கள் கையில் இருக்கவில்லை. கொஞ்ச காலத்தில் பாகிஸ்தான் சண்டை வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் போலீஸ் காவல் போட்டார்கள். துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு துணியை ஆட்டுகிறவர்களைச் சும்மா விடுவார்களா? கிழக்குப் பக்கம் வேலியை நெருங்க முடியாமல் கம்பிவலை அடித்தார்கள். சண்டை முடிந்தும் வலையை எடுக்கவில்லை. பெண்கள் போவதை நிறுத்தினார்கள். குன்றின் சரித்திரத்தில் எங்கள் அத்தியாயம் அத்தோடு முடிந்தது.

நான் கடைசியாக அங்கே ஏறியது அதற்கெல்லாம் முன்னால், அப்பாவோடு. அவர் மறுபடியும் கப்பலேற இரண்டு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, வா போய்விட்டு வரலாம் என்றார். வருஷக் கணக்காகக் கப்பலிலிருந்து பார்த்த குன்றில் அவர் அதுவரை ஏறினதே இல்லை. எந்தக் கம்பி என்று காட்டச் சொன்னார். காட்டினேன். கையால் பிடித்துப் பார்த்தார். அங்கிருந்து கப்பல்கள் எத்தனை சின்னதாகத் தெரிகின்றன என்று ஆச்சரியப்பட்டார்.

"வெள்ளைய யாரு கட்டுனது?"

"நான்தான்பா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. புல்லில் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். நாலு பேரில் ஒரு ஆள் இல்லை என்று தெரிகிறது, யார் என்று தெரியவில்லை, அந்தத் தெரியாததுதான் தாங்க முடியவில்லை என்றார். காவல் நிற்கிற நேரத்தில் மனசு ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்திருக்கிறது. அதை நிறுத்துவதற்காக ஒவ்வொரு நாளும் ஒருவரை எடுத்து, இவர்தான் போய்விட்டார் என்று முடிவுசெய்து பார்த்திருக்கிறார்.

"மொத நாளு ஒங்கம்மைய வச்சுப் பாத்தேன். முடியல. மறுநாளு மூத்தவ. முடியல. சின்னவன நெனச்சப்ப கடல்ல விழுந்துரலாம்னு இருந்துச்சு." ஒரு புல்லைப் பிடுங்கிப் போட்டார். "நாலாவது நாளு ஒன்ன வச்சேன். அன்னைக்குத்தான் தூங்குனேன்."

அவர் அதை வருத்தத்தோடு சொல்லவில்லை, மன்னிப்பாகவும் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று இத்தனை வாரம் வைத்திருந்து சொன்னது போல இருந்தது. அப்போதுதான் புரிந்தது, வாசலில் நான் செம்போடு வந்து நின்றபோது அவர் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று. செத்தது நான்தான் என்று ஐந்து நாளாகப் பழகி வைத்திருந்தார். நான் வந்து நின்றதால் அக்கா சாக வேண்டியதாகிவிட்டது.

"அப்பொ நான்னா பரவாயில்லையாப்பா?" என்று கேட்டேன்.

நான் கேட்டதைச் சரியாக யோசித்துப் பார்த்தார். அந்த யோசனைதான் என்னைக் கொன்றது.

"பரவாயில்லன்னு இல்ல, மக்கா. தாங்கிக்கிடலாம்னு தோணிச்சு."

ஒரு வருஷம் முழுக்கக் கூசாமல் பொய் சொன்ன வீடு எங்களுடையது. பொய் சொல்லத் தெரியாதவர் அதில் அவர் ஒருவர்தான். அன்று எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.